விறகு இருக்கு, வாயு இல்லை: மரவாயு வண்டியில் விறகு இறங்காத கோளாறு

"ஓடுறப்ப நல்லாத்தான் ஓடுதுங்க. நிறுத்தி வெச்சு மோட்டார் பம்பு ஓட்டினாத்தான் கொஞ்ச நேரத்துல படுத்துடுது." மரவாயுவில், அதாவது விறகை மூடிய உலையில் அரைகுறையாக எரித்து எடுக்கிற வாயுவில், வண்டி ஓட்டுபவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புக்குள்ளேயே தேங்காய் இழுக்கிற பழைய பெட்ரோல் ஜீப்பாக இருக்கும். என்னிடம் வருவதற்குள் கார்பரேட்டரைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள், பிளக் மாற்றியிருப்பார்கள், ஃபில்டரைக் கழுவியிருப்பார்கள். குறை பெரும்பாலும் அங்கெல்லாம் இருக்காது. உலைக்கு மேலே இருக்கும் விறகுத் தொட்டியில் பாதிக்கு மேல் விறகு கிடக்கும், ஆனால் அது நெருப்புக்கு வந்து சேர்ந்திருக்காது.

பெட்ரோலைப் பம்பு தள்ளிவிடும். விறகை இறக்குவது அதன் சொந்த எடை மட்டும்தான். கீழே நெருப்பு எரிய எரிய மேலே இருக்கும் துண்டுகள் சரிந்து வர வேண்டும். நீளமான குச்சி ஒன்று குறுக்கே விழுந்தாலும் போதும், அதன்மேல் அடுத்தது சாய்ந்து, மொத்த விறகும் அந்தரத்தில் நின்றுவிடும். அடியில் குகை மாதிரி வெற்றிடம் உண்டாகும். மேடு பள்ளமான வாய்க்கால் கரையில் போகும்போது வண்டி குலுங்கி இந்த அடைப்பைத் தானே உதிர்த்துவிடுகிறது. ஒரே இடத்தில் நின்று தண்ணீர் இறைக்கும்போது குலுக்க ஆளில்லை. புதிதாகத் தார் போட்ட வழவழப்பான ரோட்டிலும் இதே கதைதான்.

வண்டி படுத்துவிடுகிறது என்பதோடு இது முடிவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன். உலைக்குள் காற்று புகும் குழல்களுக்கு எதிரே எப்போதும் தணல் நிறைந்திருக்க வேண்டும். ஆயிரம் டிகிரிக்கு மேல் போகும் அந்தச் சூட்டில்தான் விறகிலிருந்து வரும் தார் உடைந்து, எஞ்சினுக்கு ஆகிற கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கின்றன. விறகு இறங்கவில்லை என்றால் இருக்கிற கரி எரிந்து தீர்ந்து தணல் மட்டம் தாழ்கிறது. காற்று எரியாமலே ஊடுருவுகிறது, உலையின் கழுத்துப் பகுதி அளவுக்கு மீறிக் காய்கிறது. அப்புறம் ஏதோ ஓர் அதிர்வில் மேலே நின்ற, இன்னும் கரியாகாத விறகு மொத்தமாகச் சரிந்து நெருப்பில் விழும். அந்தச் சில நிமிடங்களில் வரும் வாயுவில் தார் ஏராளமாக இருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. இரவில் ஆறியதும் அந்தத் தார் வால்வுத் தண்டில் வெல்லப்பாகு போல இறுகிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தால், ஒட்டிக்கொண்ட வால்வைத் தள்ள முடியாமல் புஷ்ராடு வளையும். மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பார், இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கோளாறு வரும். மூலக் காரணம் விறகுத் தொட்டியில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற, உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் போதும். அதை U வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, கொஞ்சம் கலர் தண்ணீர் விட்டு, உலையிலிருந்து வாயு வெளியே வரும் குழாயில் ஒரு முனையை இணையுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். இதே மாதிரி இன்னொன்றை ஃபில்டருக்குப் பின்னால் வையுங்கள். எஞ்சின் உறிஞ்சும்போது இணைத்த பக்கம் தண்ணீர் ஏறும். வண்டி நன்றாக ஓடும் நாளில் இரண்டிலும் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பெயின்ட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வேகத்தில் எஞ்சின் ஓடும்போது உலைப் பக்கம் குறியைவிடத் தண்ணீர் இறங்கியிருந்தால், உள்ளே விறகு அந்தரத்தில் நிற்கிறது, அல்லது எங்கேயோ காற்றுக் கசிவு. இரண்டும் ஏறியிருந்தால், உலையின் அடியில் கரியைத் தாங்கும் சல்லடைத் தட்டான கிரேட்டில் சாம்பலும் பொடிக்கரியும் அடைத்திருக்கிறது. ஃபில்டருக்குப் பின்னால் மட்டும் ஏறியிருந்தால் அப்போது ஃபில்டரைக் கழுவுங்கள்.

இனி விறகு. சரியான விறகைப் போட்டால் இந்தக் கோளாறின் பெரும்பகுதி வராது. நம் பக்கம் கிடைப்பதில் சீமைக்கருவேல் அருமையான விறகு, கனமானது, நல்ல கரி தரும். ஆனால் முள்ளோடும் கோணல் கிளையோடும் அரிவாளால் வெட்டிப் போட்டால் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். வேதாரண்யம் கரையோரச் சவுக்கும் நல்லதுதான். ஆனால் அதைப் பென்சில் பென்சிலாகக் கீறிப் போடாதீர்கள். நீளமும் தடிமனும் கிட்டத்தட்ட ஒன்றாக, தீப்பெட்டி அளவில் துண்டு இருக்கட்டும். எவ்வளவு பெரிதானாலும் 8 செ.மீ. தாண்டக் கூடாது. நாராக உரிகிற பட்டையை நீக்கிவிடுங்கள். ஒரு செ.மீ.க்குக் குறைந்த சிராயையும் தூளையும் சலித்து அடுப்புக்குக் கொடுங்கள், அவை கரிப்படுகையை அடைக்கும். கொட்டாங்குச்சி நல்ல எரிபொருள்தான், ஆனால் அரை வட்டமாகப் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். நொறுக்கி, விறகோடு கலந்து போடுங்கள். மட்டை, பாளை வேண்டாம். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதற்கு வேறு மாதிரி உலை வேண்டும். ஒரு மூட்டை இருக்கிறதே என்று இதில் கொட்டாதீர்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது நம் ஊர்களில் ஓடிய கரி பஸ்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கரியில் தார் மிகக் குறைவு, ஒட்டாது, சரளமாக இறங்கும். ஆனால் கரியாகச் சுடும்போதே விறகின் சக்தியில் பெரும்பங்கு போய்விடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக இரண்டரை, மூன்று கிலோ விறகு போதும் என்பதால்தான் இன்று விறகையே நேராகப் போடுகிறோம்.

ஈரம் இன்னொரு பாதி. பச்சை விறகிலிருந்து எழும் நீராவி தொட்டிச் சுவரில் குளிர்ந்து, தாரோடு சேர்ந்து வடியும். தொட்டி குறுகும் இடத்தில் அது வளையமாகப் படிந்து, அடுத்து வரும் துண்டுகளை ஒட்டவைத்துக்கொள்ளும். உலை ஆறிய பிறகு கையை விட்டுத் தடவினால் அந்த விளிம்பு தட்டுப்படும். மாதம் ஒருமுறை சுரண்டுங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கிலோ விறகை 105 டிகிரி சூட்டில் எடை இனிமேல் குறையாது என்கிற வரை காயவைத்து நிறுத்துப் பாருங்கள். 830 கிராம் வந்தால் ஈரம் 17 சதவீதம், போடலாம். 700 வந்தால் இன்னும் காய வேண்டும். சித்திரை, வைகாசியில் துண்டு போட்டுக் காயவைத்து, தரையில் படாமல் மேடை கட்டி, மேலே மட்டும் மூடி, பக்கமெல்லாம் காற்றாட வையுங்கள். ஐப்பசி மழைக்குப் பயந்து தார்ப்பாயால் முழுக்கச் சுற்றினால் உள்ளேயே வியர்த்து ஈரமாகும்.

நின்று வேலை செய்யும் வண்டிக்குக் குலுக்கும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். பழைய வைப்பர் மோட்டாரின் அச்சில் ஒரு பக்கம் எடை பொருத்தித் தொட்டியில் முடுக்கினால் போதும், அவ்வப்போது சில நொடிகள் ஓட்டலாம். கிரேட்டை வெளியிலிருந்து ஆட்டும் லீவரும் வையுங்கள். ஆனால் ஓயாமல் ஆட்டினால் கரி பொடியாகிக் கீழே அடைக்கும். இரண்டு டியூப்பிலும் தண்ணீர் குறிக்கு மேல் ஏறும்போது மட்டும் ஆட்டுங்கள்.

இதைச் செய்யாமல் பலர் செய்வது, சூட்டோடு மேல்மூடியைத் திறந்து, குனிந்து, கம்பியால் குத்துவது. தயவுசெய்து வேண்டாம். காற்று உள்ளே புகுந்து வாயுவோடு கலந்ததும் குப்பென்று தீ எழும்பும். முகத்துக்கு நேரே வரும். தீ வராவிட்டாலும், வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது. புகை நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே திறந்தவெளிக்கு வந்துவிடுங்கள், கூட இருப்பவரையும் இழுத்து வாருங்கள், ஆஸ்பத்திரியில் இந்த வாயுவைச் சுவாசித்ததாகச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் தணல் இருக்கும்வரை உலை வாயு விட்டுக்கொண்டே இருக்கும். மழை என்று வண்டியை மாட்டுக்கொட்டகையிலோ வீட்டு முன்கட்டிலோ விடாதீர்கள். மூடிக்கு ஸ்பிரிங் வைத்து, உள்ளே அழுத்தம் வந்தால் தானே தூக்கிக்கொள்ளும்படி செய்யுங்கள்.

தொட்டியிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீரை வாய்க்காலிலோ மீன் குட்டையிலோ ஊற்றாதீர்கள். அதில் அமிலமும் பீனாலும் உண்டு, மீன் தாங்காது. மூடியுள்ள கேனில் பிடித்து வையுங்கள். அப்புறம், இந்த உலையைப் பொருத்திய வண்டியைப் பொது ரோட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் மாற்றத்தை ஆர்டிஓவிடம் ஒப்புதல் வாங்கி ஆர்சி புத்தகத்தில் ஏற்றியிருக்க வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்திருக்க வேண்டும். அதுவரை வண்டி தோப்புக்குள்ளேயே ஓடட்டும்.