முழங்கால் பட்டு அணைந்த கணினி

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கினால் மன்னார்குடிப் பக்கம் கணினி மையங்களில் நிற்க இடம் இருக்காது. சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் என்று கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை ஆட்கள் நிற்பார்கள். அப்படி ஒரு நாளில்தான் ஒரு கடைக்கார அக்கா கூப்பிட்டார். "தம்பி, கம்ப்யூட்டர் தானா அணைஞ்சு போவுது. இன்னிக்கு மூணாவது தடவ."

போய்ப் பார்த்தேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினி. சிபியூ மேசைக்கு அடியில், முகப்பு வாடிக்கையாளர் பெஞ்சைப் பார்த்தபடி இருந்தது. பெட்டி முழுக்கத் தூசி, பவர் பட்டன் மட்டும் பளபளவென்று இருந்தது. பெஞ்சில் இருந்த பெரியவர் பையை எடுக்கக் குனிந்தார், முழங்கால் பட்டது, திரை இருண்டது. பாதி நிரப்பிய விண்ணப்பம் போய்விட்டது.

பட்டனை ஒருமுறை தட்டினால் மின்சாரம் நேரடியாகத் துண்டிக்கப்படுவதில்லை. 'பட்டன் அழுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குப் போகிறது. இன்றைய லினக்ஸ் வகைகள் பலவற்றில் சிஸ்டம்டி-லாகின்டி என்ற சேவை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கு இயல்பாகச் சொல்லப்பட்டிருப்பது 'கணினியை அணை' என்பதுதான். க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ போன்ற டெஸ்க்டாப்புகள் 'இதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அதனிடம் சொல்லிவிட்டு, நாம் அமைப்பில் தேர்ந்தெடுத்தபடி நடந்துகொள்ளும்.

இந்தக் கடையில் இருந்தது எக்ஸ்எஃப்சிஇ. பழைய கணினி மெதுவாக ஓடுகிறது என்று யாரோ அதில் பவர் பட்டனைக் கவனிக்கும் நிரலான பவர் மேனேஜரைத் தொடக்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் குறுக்கே நின்று கேட்க ஆள் இல்லை. முழங்கால் பட்டதும் லாகின்டி தன் வேலையைச் செய்தது. திறந்திருக்கும் கோப்பைச் சேமித்தாயா என்று அது கேட்பதில்லை.

பவர் மேனேஜரைத் திரும்பச் சேர்த்து, பட்டனை அழுத்தினால் 'என்ன செய்ய வேண்டும் என்று கேள்' என மாற்றினேன். சிலர் 'சஸ்பெண்ட்', அதாவது உறக்க நிலை, வைக்கிறார்கள். நம் ஊருக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை. சஸ்பெண்டில் எல்லாம் ரேமில்தான் இருக்கும். கரண்ட் போய் யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்தால் சேமிக்காதது எல்லாம் போச்சு.

அதோடு நிறுத்தவில்லை. யாரும் உள்நுழையாமல் லாகின் திரை நிற்கும்போது நம் டெஸ்க்டாப் அமைப்பு உதவாது. அதனால் லாகின்டியின் அமைப்புக் கோப்பில் 'ஹேண்டில்பவர்கீ' (HandlePowerKey) வரிக்கு முன்னால் இருந்த # குறியை எடுத்து, மதிப்பை 'இக்னோர்' (ignore, கண்டுகொள்ளாதே) என்று மாற்றி, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தேன்.

அக்காவிடம் அழுத்திச் சொன்னது இன்னொன்று. திரை உறைந்தால் அவர் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாராம். நான்கு விநாடிக்கு மேல் பிடித்தால் வன்பொருளே மின்சாரத்தை வெட்டிவிடும். 'இக்னோர்' என்று வைத்தாலும் அதைத் தடுக்க முடியாது. லினக்ஸ் எழுதியதை உடனே வட்டில் போட்டுவிடுவதில்லை. நிரல் வற்புறுத்தாவிட்டால் சுமார் 30 விநாடி வரை அது நினைவகத்திலேயே காத்திருக்கலாம். சேமித்துவிட்டோம் என்று நம்பிய மனு காணாமல் போவது இப்படித்தான்.

உறைந்துபோனால் ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ் (S), யு (U), பி (B) என்று ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அழுத்துங்கள். காத்திருப்பதை வட்டில் எழுதும், வட்டைப் படிக்க மட்டும் திறந்து வைக்கும், பிறகு மறுதொடக்கம் செய்யும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டவை. சேமிக்காததை இது மீட்டுத் தராது. சேமித்ததைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு.

அக்கா மூன்று எழுத்தையும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். சிபியூவைத் திருப்பி, முகப்பு சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டு வந்தேன்.