கோச்சுஜாங்கை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளுங்கள்

"நான் உப்பே சேர்ப்பதில்லை மேடம்" என்றார் அவர். ஐம்பதைக் கடந்தவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். மாத்திரை தவறவில்லை, நடையும் தவறவில்லை. ஆனாலும் அழுத்தம் இறங்கவில்லை. மதியச் சோற்றை விட்டுவிட்டு, இணையத்தில் பார்த்த கொரிய-துருக்கிய தானியக் கிண்ணத்துக்கு மாறியிருந்தார். புல்குர் என்ற உடைத்த கோதுமை, சுட்ட பரங்கிக்காய், கீரை, கொண்டைக்கடலை. உணவியல் நிபுணராக அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். கோச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுது இரண்டு மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒன்று, உதிர்த்த வெள்ளைச் சீஸ் ஒரு கைப்பிடி.

இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். அவருடைய கோச்சுஜாங் டப்பாவில் மேசைக்கரண்டிக்கு 450, ஆக இன்னொரு 900. சீஸில் ஏறக்குறைய 300. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் நாள் வரம்பே 2000 மில்லிகிராம்தான், அதாவது 5 கிராம் உப்பு. ஒரு கிண்ணத்திலேயே அது தாண்டிவிட்டது. காலை இட்லி சட்னியை இன்னும் எண்ணவே இல்லை.

இதற்காக அந்தச் சுவைகளைப் பழிக்க மாட்டேன். கொரியாவின் சுன்சாங் ஊர் கோச்சுஜாங்குக்குப் பேர்போனது. மிளகாய்த்தூள், பசையரிசி, புளித்த சோயா மாவு எல்லாம் மண்ஜாடியில் மாதக்கணக்கில் கெடாமல் ஊற உப்பு வேண்டும். துருக்கியின் அன்டெப், உர்ஃபா பக்கம் கோடை முடிவில் மொட்டை மாடிகளில் மிளகாய் விழுதை வெயிலில் காயவைப்பார்கள். அந்த பிபெர் சல்ச்சாவிலும் உப்பு உண்டு. இரண்டும் நம் ஊறுகாய் மாதிரி. ஊறுகாயை யாரும் குழம்பாக ஊற்றிப் பிசைவதில்லையே!

அவருக்கு எழுதிக் கொடுத்தது, இலையுதிர் காலக் காய்களோடு, இரண்டு பேருக்கு. ஒரு கப் பெரிய புல்குர். இது நம் கோதுமை ரவை இல்லை. புழுங்கல் அரிசி போல அவித்துக் காயவைத்து உடைத்தது, அதனால் சீக்கிரம் வேகும். இரண்டு கப் தண்ணீரில் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு, துருக்கியர்கள் செய்வது போல மூடிக்கு அடியில் துணி போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். உதிரி உதிரியாக வரும். பரங்கிக்காயைத் தோலோடு நறுக்கி, எண்ணெயும் உர்ஃபாவின் இசோட் மிளகாயும் தடவி, ஓரம் கருகத் தொடங்கும் வரை சுடுங்கள். பசலைக்கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, பிழிந்து, பூண்டு, நல்லெண்ணெய், வறுத்த எள்ளோடு பிசறினால் கொரிய நாமுல். கொரியர்கள் வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெயை ஊற்றுவார்கள்; நம் செக்கு எண்ணெயில் அந்த வாசனை குறையும், எள்ளைக் கொஞ்சம் கூடப் போடுங்கள். வெங்காயத்தைச் சுமாக் என்ற புளிப்புப் பொடி போட்டுக் கையால் கசக்குங்கள். அவித்த கொண்டைக்கடலை, பூண்டு தட்டிப் போட்ட கெட்டித் தயிர், சீஸுக்குப் பதில் வால்நட்.

அப்புறம் சாஸ். ஆளுக்கு ஒரு தேக்கரண்டி கோச்சுஜாங், அதற்கு மேல் வேண்டாம். மாதுளைச் சாற்றைக் காய்ச்சிய நார் எக்ஷிசி ஒரு தேக்கரண்டி, அரை எலுமிச்சை, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். புளிப்பு ஏறினால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. இந்தச் சாஸில் சோடியம் ஆளுக்குச் சுமார் 150தான்.

லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. சில சுமாக் பாக்கெட்டுகளிலேயே உப்பு கலந்திருக்கும். 'நார் எக்ஷிலி சோஸ்' என்று போட்டிருந்தால் அது மாதுளைச் சாறு மட்டும் இல்லை, பெரும்பாலும் சர்க்கரைப் பாகு. குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு புல்குர் கூடவே கூடாது, அது கோதுமைதான். கோச்சுஜாங்கிலும் பல பிராண்டுகளில் கோதுமையோ பார்லியோ இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டுக் குறைந்த சோடியம் உப்புக்கு ஓடாதீர்கள். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் அது ரத்தத்தில் சேர்ந்து இதயத்துடிப்பையே குலைக்கலாம். கீரை, பரங்கிக்காய் இரண்டிலும்கூடப் பொட்டாசியம் உண்டு. அவர்கள் இந்தக் கிண்ணத்தையே மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகு செய்யட்டும்.