கடல் மாறியதா, கருவி மாறியதா?

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜொகூர் நீரிணையில் மிதக்கும் ஓர் அளவைக் கருவி, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராம்தான் இருக்கிறது என்று நள்ளிரவில் தகவல் அனுப்புகிறது. 30 டிகிரி வெப்பமும் 30 உப்புத்தன்மையும் (கிலோவுக்கு ஏறத்தாழ 30 கிராம் உப்பு) உள்ள நீர் காற்றோடு சமநிலையில் இருந்தால் அந்த அளவு 6.4-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பக்கத்து மிதவைப் பண்ணையில் கொடுவா வளர்ப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. 2015-ன் தொடக்கத்தில் பெருகிய நச்சுப் பாசியால் இதே நீரிணையில் 500 டன்னுக்கும் மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. ஆனால் அந்த 3 கடல் சொன்னதா, அழுக்கேறிய கருவி சொன்னதா?

சிங்கப்பூர்க் கடலுக்குக் குளிர்காலம் கிடையாது. ஆண்டு முழுவதும் 27 முதல் 31 டிகிரிவரை இருப்பதால், கருவிகளில் ஒட்டி வளரும் உயிர்கள் ஒரு மாதம்கூட ஓய்வதில்லை. முதல் சில நாளில் வழவழப்பான படலம், அடுத்த சில வாரங்களில் கொட்டலசு என்னும் ஓடுள்ள ஒட்டுயிரி. ஒவ்வோர் உணரியையும் இவை ஒவ்வொரு விதமாக ஏமாற்றும். ஆக்சிஜன் உணரியின் முகப்பில் படர்ந்த பாசி, பகலில் தானே ஆக்சிஜன் வெளியிட்டு அளவை ஏற்றும். இரவில் தானே உறிஞ்சி இறக்கும். கலங்கல் உணரியின் கண்ணாடியில் படலம் கட்டினால், தெளிந்த நீரும் சேறாகத் தெரியும். உப்புத்தன்மைதான் மிகவும் ஆபத்தானது. மின்கடத்தலை அளக்கும் குழலுக்குள் ஒரே ஒரு கொட்டலசு குடியேறினாலும் மின்னோட்டப் பாதை குறுகி, உப்பு குறைந்ததுபோல் காட்டும். வடகிழக்குப் பருவமழையில் ஜொகூர் ஆற்று நீர் கலந்து உப்பு இயல்பாகவே குறையும் இடம் இது. அதனால் பொய்யான இறக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

செம்பு உறையும் சுழலும் துடைப்பானும் இதைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது. துடைப்பானின் ரப்பர் தேய்ந்து கண்ணாடியின் மேலேயே நின்றுவிட்டால் அதுவே புதிய தொல்லை. ஆகவே ஆள் போய்த்தான் சுத்தம் செய்ய வேண்டும். எந்த வரிசையில் செய்கிறார் என்பதில்தான் தரவின் உயிர் இருக்கிறது.

பலரும் செய்யும் தவறு, படகிலிருந்து கருவியைத் தூக்கியதும் தேய்க்கத் தொடங்குவது. அந்த நொடியில், கடந்த பல வாரத் தரவைத் திருத்துவதற்கான ஒரே சான்று கழுவிப் போய்விடுகிறது. அன்று காலையே அளவுத்திருத்தம் செய்த ஒப்பீட்டு உணரி ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். கருவி நீரில் இருக்கும்போதே, அதே ஆழத்தில் ஒப்பீட்டு உணரியை இறக்கி இரண்டின் அளவையும் சில நிமிடம் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நிழலில் வைத்த கடல்நீர் வாளியில் இரண்டையும் போட்டு, அழுக்கோடு ஒரு முறை அளக்க வேண்டும். மென்மையான தூரிகையாலும் பிளாஸ்டிக் சுரண்டியாலும் துப்புரவு செய்து (கம்பித் தூரிகை கூடவே கூடாது), அதே வாளியில் மறுபடி அளக்க வேண்டும்.

கணக்கு எளியது. அழுக்கோடு 4.1, சுத்தமானபின் 5.0 என்றால் ஏற்றம் 0.9. அதே நேரத்தில் ஒப்பீட்டு உணரி 5.2-லிருந்து 5.1-க்கு இறங்கியிருந்தால், வாளி நீரே 0.1 குறைந்திருக்கிறது. ஆக, அழுக்கினால் வந்த பிழை 1.0. இதற்குப் பிறகே நீராவி நிறைந்த காற்றில் 100 விழுக்காட்டையும், சோடியம் சல்பைட் கரைசலில் பூஜ்யத்தையும் சரிபார்க்க வேண்டும். அங்கே தெரியும் வேறுபாடு உணரியின் சொந்த நகர்வு. முகப்பில் ஒரு நீர்த்துளி தங்கியிருந்தாலும் 100 விழுக்காட்டுச் சோதனை கெட்டுவிடும். அழுக்கையும் நகர்வையும் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் முதலாவதற்கு மருந்து அடிக்கடி துப்புரவு, இரண்டாவதற்கு மறுபடி அளவுத்திருத்தம், அதிலும் தீராவிட்டால் உணரியின் முகப்பை மாற்றுவது.

அதே பயணத்தில், கருவியின் உலோகம் அரிக்காமல் காக்கத் தான் கரையும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்துவிட்டதா, கடலடியில் உரசும் இடத்தில் சங்கிலி மெலிந்துவிட்டதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

ஒரே கடலில் பல அமைப்புகள் கருவி போட்டிருந்தால் நேரமும் ஆழமும் பெரும் குழப்பம் தரும். சில கருவிகள் உலகப் பொது நேரத்திலும் சில சிங்கப்பூர் நேரத்திலும் பதிகின்றன. இடைவெளி 8 மணி. பிற்பகல் 3 மணிக்கு வர வேண்டிய ஆக்சிஜன் உச்சம் காலை 7 மணிக்கு வந்தால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய ஓத (கடல்மட்ட ஏற்ற இறக்க) அளவீடுகளை இணைப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு: 1982 ஜனவரி 1-க்கு முன் சிங்கப்பூர் நேரம் ஏழரை மணிதான் முந்தியிருந்தது. ஆழத்தைப் பொறுத்தவரை, ஓதம் 3 மீட்டர்வரை ஏறி இறங்கும் இடத்தில் மிதவையோடு எழும் உணரியும் தூணில் அறைந்த உணரியும் ஒரே நீரை அளப்பதில்லை. எதிலிருந்து எத்தனை மீட்டர் என்று பதிவிலேயே இருக்க வேண்டும்.

அமெரிக்கக் கடலோரக் கண்காணிப்பில் பயன்படும் குவார்ட்டாட் முறை, ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எண் கொடுக்கிறது: 1 தேறியது, 2 சோதிக்கப்படாதது, 3 சந்தேகம், 4 தேறாதது, 9 விடுபட்டது. வரம்புகளை மட்டும் உள்ளூருக்கேற்ப வைக்க வேண்டும். 20 டிகிரி பல கடல்களில் இயல்பு. இங்கே கருவிக் கோளாறு. ஆனால் வரம்பை அளவுக்கு மீறி இறுக்கினால், உண்மையான ஆபத்தையே கணினி 4 என்று ஒதுக்கிவிடும்.

நள்ளிரவில் வந்த அந்த 3 மில்லிகிராமுக்குத் தர வேண்டியது 3-ஆம் எண். பணியில் இருப்பவர் பராமரிப்புத் தாளைத் திறக்கிறார். கருவி நேற்று முன்தினம்தான் சுத்தம் செய்யப்பட்டது. அப்போதைய அழுக்குப் பிழை 0.2. அடுத்த மிதவையிலும் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் பண்ணைக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்.