கணக்கில் விழுந்த இன்னொரு எட்டாயிரம்

மே மாதக் கடைசியில் பாம்பனிலிருந்து ஓர் அம்மா வந்தார். கடல்பாசி எடுக்கப் போகிறவர். மடியிலிருந்த பாஸ்புக்கை நீட்டி, "வக்கீல் தம்பி, இது யாரு காசுன்னே தெரியல" என்றார். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எட்டாயிரம் வந்திருந்தது. நாலு நாள் கழித்து இன்னொரு எட்டாயிரம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் சேர்ந்து நெருக்குகிற காலம். 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் இந்த நிவாரணம் ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் ஆகும் என்று அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வந்த பணத்தைத் தொடாமல் வைத்திருந்தாரே, அதுவே பெரிய விஷயம். என்னிடம் வருகிறவர்களில் பலர் செலவழித்துவிட்டுத்தான் வருவார்கள்.

முதலில், வந்தது உண்மையிலேயே அதிகப்படியா என்று பாருங்கள். மீனவர்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் கட்டிய 1,500 ரூபாய், மத்திய, மாநில அரசுகளின் 3,000 சேர்ந்து 4,500ஆகத் திரும்பி வரும். அதைப் பார்த்துப் பதறியவர்களும் உண்டு. பழைய நிலுவையாகவும் இருக்கலாம். எந்தத் திட்டத்தின் பணம் என்று வங்கியில் கேளுங்கள். இந்த அம்மாவின் பெயர் பயனாளிப் பட்டியலில் பழைய ரேஷன் கார்டு எண்ணில் ஒரு தடவை, புதிய எண்ணில் ஒரு தடவை ஏறியிருந்தது.

"அவுங்க தப்புதானே, நான் ஏன் குடுக்கணும்?" என்றார் கூட வந்த மகன். நியாயமான கேள்விதான். ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, தவறுதலாகக் கிடைத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. தப்பு யாருடையது என்பதால் பணம் நம்முடையதாகிவிடாது.

சரி, எப்படிக் கொடுப்பது? கையில் ரொக்கமாக யாரிடமும் கொடுக்காதீர்கள். "நான் ஆபீஸ்ல கட்டிடுறேன்" என்று ஒருவர் அந்த அம்மாவிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். கொடுத்திருந்தால், நாளை மீன்வளத் துறை அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரும்போது காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. நாங்கள் நடந்ததை ஒரு மனுவாக எழுதி, பாஸ்புக் நகலை இணைத்து இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டோம். எந்தக் கணக்கில் கட்டுவது என்பதை எழுத்தில் கேட்டோம். பதில் வர மூன்று வாரம். அப்புறம் செலான் மூலம் கட்டி, ரசீதின் நகலை மனுவோடு சேர்த்துவிட்டோம். செலவழித்துவிட்டவர்களும் இதே மனுவில் தவணை கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

போனில் "கூடுதலா வந்துருச்சு, ஓடிபி சொல்லுங்க" என்றால் வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களின் கதை வேறு. 2014 டிசம்பரில் ரஃபிக் மசீ வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமும் ஓய்வுபெற்றவர்களிடமும் தவறுதலாகக் கொடுத்த அதிகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்றது. நிவாரணத் தொகைக்கும் இது பொருந்தும் என்று இருந்துவிடாதீர்கள். ஊழியர்களுக்கான அந்தத் தீர்ப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. அதிகமாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது.

தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற அலுவலக உதவியாளர் ஒருவரிடம், சம்பள நிர்ணயத்தின்போது ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா அண்ணே என்று கேட்டேன். "நீட்டுனாங்க, போட்டேன் தம்பி" என்றார். அந்தத் தாளின் நகலைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறோம். இன்னும் வரவில்லை.