85 வயதுக்கு மேல் ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடிந்து வரும் ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்றிருந்தால் வீட்டில் நிம்மதி. ஆனால் 85 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த நார்மல் அடிக்கடி ஏமாற்றிவிடுகிறது.

கிரியாட்டினினையே எடுத்துக்கொள்ளுங்கள். தசையிலிருந்து வரும் இந்தக் கழிவைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. தசை வற்றிப்போன உடம்பில் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அளவு கூடாது. 88 வயது, 40 கிலோ எடை, கிரியாட்டினின் 0.9 உள்ள பாட்டிக்கு, சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகத்தை மதிப்பிடும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 27 மில்லிதான் வருகிறது. பல மாத்திரைகளின் அளவைக் குறைத்தே ஆகவேண்டிய நிலை இது. சந்தேகம் இருந்தால், சிறுநீரகத்தைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி பார்க்கலாம். அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல.

சர்க்கரைக்குக் கிளிமிப்பிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6 என்று வந்தால் மகிழவேண்டாம். சர்க்கரை தாழ்ந்து ராத்திரி பாத்ரூம் போகும்போது விழும் ஆபத்துதான் பெரியது. தளர்ந்த முதியவருக்கு 8 வரை விடலாம். மருந்தில்லாமலே கொலஸ்ட்ரால் இறங்கிக்கொண்டு வந்தாலும் காரணம் தேடவேண்டும்.

ரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் 3.5க்குக் கீழே போனால் உடனே புரோட்டீன் பவுடர் வாங்குகிறார்கள். உடம்பில் அழற்சி இருந்தாலும் ஆல்புமின் குறையும் என்பதால் கூடவே அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் பார்க்கவேண்டும். காய்ச்சல் விட்டு மூன்று, நான்கு வாரம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். டெலோமியர் (குரோமோசோம்களின் நுனி) நீளம் பார்த்து 'உண்மையான வயது' சொல்கிறோம் என்னும் டெஸ்ட்டுக்குச் செலவழிக்கவேண்டாம். நூறைத் தாண்டிய ஜப்பானியர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், யார் நலமாக நீடிப்பார் என்பதைக் காட்டியது அழற்சி அளவுகள்தான். டெலோமியர் நீளம் அல்ல.

லேபுக்குப் போகாமல் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இன்னும் அதிகம் சொல்லும். ஹாலில் 4 மீட்டருக்குச் சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னாலிருந்து, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். கைத்தடி பழக்கமென்றால் அதோடுதான். 5 வினாடிக்கு மேல் ஆனால் கவனிக்கவேண்டும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினாலோ கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாலோ அளவு பொய்யாகிவிடும். அடுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரவேண்டும். 12 வினாடிக்குள் முடிந்தால் நல்லது. நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்கவேண்டும்.

ரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் படுத்தபின் ஒருமுறையும், எழுந்து நின்ற 1ஆவது, 3ஆவது நிமிடங்களிலும் பாருங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும். சென்னையின் ஏப்ரல், மே வெயிலில் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது முக்கியம். அப்போது சோடியமும் 135க்குக் கீழே இறங்கிக் குழப்பம், தள்ளாட்டம் வரும். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடக்கூடாது.

உடம்பின் தாங்குதிறன் தெரிவது நோய்க்குப் பிறகுதான். நலமாக இருக்கும்போதே நடை நேரம், எடை, நாற்காலிக் கணக்கு மூன்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு காய்ச்சலுக்குப்பின் பழைய நடைக்கு எத்தனை நாளில் திரும்புகிறார் என்பதையும் குறியுங்கள். படுக்கையிலேயே வைத்திருந்தால் தசை வேகமாகக் கரையும். டாக்டர் தடுக்காதவரை மறுநாளே நாற்காலியில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுங்கள். இரண்டு வாரமாகியும் பழைய நடை வரவில்லையென்றாலோ, ஆறு மாதத்தில் 50 கிலோவில் 2.5 கிலோ தானாகக் குறைந்தாலோ, அந்த நோட்டையும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு முதியோர் மருத்துவ ஓ.பி.க்கு வாருங்கள்.