எழுதுங்க, ஆனா சாவிய வாசல்லயே வெச்சுட்டுப் போகாதீங்க

நான் கோடிங் பத்தி எழுத ஆரம்பிச்சது யாருக்காகவும் இல்லைங்க, எனக்கே எனக்குத்தான். மூணு மணி நேரம் மண்டைய உடைச்சுக்கிட்டு ஒரு பக்-க கண்டுபிடிப்போம், ஆறு மாசம் கழிச்சு அதே எரர் வந்து நிக்கும், போன தடவை என்ன பண்ணோம்னு சுத்தமா மறந்து போயிருக்கும். அதுக்காக எழுதி வெச்சத வெளிய போட, யாரோ ஒருத்தர் "அண்ணா, நேத்து ராத்திரி இதான் காப்பாத்துச்சு"ன்னு மெசேஜ் பண்ண, இன்னும் நாலு பேர் சேர, அப்படியே ஒரு டெவலப்பர் குரூப் ஆயிடுச்சு.

அந்த முதல் வருஷத்துலயே ஒரு பெரிய சொதப்பல் பண்ணேன். ஃபைல் அப்லோட் பத்தி ஒரு போஸ்ட், கூடவே சாம்பிள் கோடு கிட்ஹப்ல, அதாவது கோட எல்லாரும் பாக்கப் போடுற சைட்ல. அதோட, ரகசியங்கள வெச்சிருக்கிற டாட் என்வ் ஃபைலும் சேர்ந்து போயிடுச்சு, உள்ள வாடகை சர்வர் எடுக்கிற கிளவுட் அக்கவுண்ட்டோட கீ, அதான் சாவி. பத்து நிமிஷத்துல பாத்துட்டேன், ஃபைல டெலீட் பண்ணி இன்னொரு கமிட் (மாத்துனதப் பதிவு பண்றது) போட்டுட்டு அப்பாடான்னு தூங்கிட்டேன். காலைல பாத்தா நான் ஸ்டார்ட்டே பண்ணாத சர்வருங்க வரிசையா ஓடிட்டிருக்கு!

கிட்ஹப்புக்கு அடியில இருக்கிற கிட், கோடோட ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வெக்கிற டூல். அதுல டெலீட் பண்றதும் இன்னொரு கமிட்தான், பழைய கமிட்ல ஃபைல் அப்படியே உக்காந்திருக்கும். பப்ளிக் ரெப்போவ, அதாவது யாரும் பாக்கக்கூடிய கோடு ஃபோல்டர, தானா தேடுற புரோகிராமுங்க (பாட்) நாள் முழுக்க மேஞ்சுட்டே இருக்கும். அதனால கீ வெளிய போயிடுச்சுன்னா முதல் வேலை அத ரீவோக் பண்றது, அதாவது செல்லாம ஆக்குறது, பழைய கமிட் ஹிஸ்டரிய ஃபில்டர் ரெப்போங்கிற டூல் வெச்சு சுத்தம் பண்றதெல்லாம் அப்புறம்தான், ஏன்னா அதுக்குள்ள யார் குளோன் பண்ணி (காப்பி எடுத்து) வெச்சிருக்காங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்.

கோடு கூட பரவால்ல, ஸ்கிரீன்ஷாட்தான் ரொம்ப ஏமாத்தும். எழுத்து மேல மொசைக் போட்டா மறைஞ்சிடுச்சுன்னு நினைக்கிறோம், அதத் திரும்பப் படிக்க டூல் இருக்கு, கருப்புக் கட்டமே போட்டுடுங்க. 2023ல ஆக்ரோபலிப்ஸ்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு: அப்போ கூகுள் பிக்சல் போன்ல ஸ்கிரீன்ஷாட்ட கிராப் பண்ணா சின்னப் படம் பழைய ஃபைல் மேலயே எழுதப்பட்டுச்சு, ஆனா மிச்சமிருந்த பழைய வாலை வெட்டாம விட்டுடுச்சு, அந்த வால்லேருந்து, வெட்டிப் போட்ட பகுதில கொஞ்சத்த மீட்க முடிஞ்சுது. அப்புறம் லாக்ல, அதாவது புரோகிராம் எழுதி வெக்கிற நடப்புப் பதிவுல, வர்ற ஜேடபிள்யூடி டோக்கன். லாகின் ஆனவர்னு காட்டுற டிக்கெட் மாதிரி அது. பாக்க என்கிரிப்ட் பண்ண மாதிரி கன்னாபின்னான்னு இருக்கும், பெரும்பாலும் அது வெறும் பேஸ்64தான், பூட்டே இல்லாம எழுத்த வேற வடிவத்துல மாத்தி எழுதுறது, உள்ள இருக்கிற யூசர் ஐடி, ஈமெயில் எல்லாம் யாரும் படிக்கலாம், எக்ஸ்பயரி முடியலன்னா உள்ளயே நுழையலாம்.

உதாரணத்துக்கு டொமைன் வேணும்னா வாய்க்கு வந்தத எழுதாதீங்க, அது யாரோ ஒருத்தரோட நிஜ சைட்டா இருக்கும். எக்ஸாம்பிள் டாட் காம்-ஐ இதுக்காகவே 1999லயே ஆர்எஃப்சி 2606ங்கிற இன்டர்நெட் ஆவணத்துல ஒதுக்கி வெச்சிருக்காங்க. ஐபி அட்ரஸுக்கும் அதே மாதிரி 192.0.2.0லேருந்து 192.0.2.255 வரைக்கும் இருக்கு.

இத்தனை சொல்றேன், ஆனா குரூப்புல ஒரு தடவை வேலைக்குப் புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் டோக்கனோட லாக்-க ஒட்டினப்போ என்ன நடந்துச்சு தெரியுமா, வரிசையா சிரிப்பு எமோஜி, "இதுகூடத் தெரியாதா"ன்னு ஒரு சீனியர். பையன் மெசேஜையே அழிச்சுட்டு ரெண்டு மாசம் வாயத் திறக்கல. கேள்வி கேக்கவே பயந்தா, நாளைக்கு கீ லீக் ஆனாலும் அமுக்கிடுவான், அதான் நிஜ ஆபத்து. அதுக்கப்புறம் ஒரே ஒரு ரூல் போட்டோம்: யார் பாத்தாலும் முதல்ல பர்சனல்ல சொல்லணும்.

நானே அவனக் கூப்பிட்டு என் டாட் என்வ் கதையச் சொன்னேன். "உங்களுக்குமாண்ணா?"ன்னான். அடுத்த வாரம் அவனே தன் டோக்கன் கதைய எழுதி, போடுறதுக்கு முன்னாடி பாக்கச் சொல்லி அனுப்பினான். ஸ்கிரீன்ஷாட் முழுக்கக் கருப்புக் கட்டம், அவ்ளோ கவனம். மேல பிரவுசர் டேப்ல மட்டும் கிளையன்ட் பேர் பளிச்சுன்னு தெரிஞ்சுது. பர்சனல்ல சொன்னேன்.