மிக்கி மவுசிங்கை "ஒத்திசைவு"ன்னு சொல்லாதீங்க

நேத்தும் ஒரு தமிழ் வீடியோல அதே வார்த்தை. கார்ட்டூன் பூனை பதுங்கிப் பதுங்கி நடக்குது, அது வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் வயலின் தந்திய விரலால சுண்டுற சத்தம் வருது, பேசுறவர் "இதுதான் ஒத்திசைவு"ங்கறார். இல்லவே இல்லைங்க.

இந்த உத்திக்குப் பேரு மிக்கி மவுசிங். 1928ல வந்த 'ஸ்டீம்போட் வில்லி' மாதிரியான மிக்கி படங்களால ஒட்டிக்கிட்ட பேரு. நொடிக்கு 24 ஃப்ரேம், 12 ஃப்ரேமுக்கு ஒரு தட்டுன்னா நிமிஷத்துக்கு 120 தட்டு, இப்படிக் கணக்குப் போட்டு தாளத்துக்குத்தான் படமே வரைஞ்சாங்க. அப்புறம் நிஜ நடிகர்கள் நடிச்ச படத்துக்கும் போச்சு, 1933ல 'கிங் காங்'ல தீவுத் தலைவன் நடந்து வர்ற ஒவ்வொரு அடிக்கும் மேக்ஸ் ஸ்டைனர் இசை கூடவே இறங்கி வரும்.

சரி, ஒத்திசைவுன்னா என்ன தப்பு? முதல்ல அந்தச் சொல் ஏற்கனவே ஹார்மனிக்குப் போயாச்சு. ரெண்டு சுரம் சேர்ந்து இனிமையா ஒலிக்கிறது அது. இல்ல, நான் சிங்க்கைத்தான், அதாவது சத்தமும் படமும் ஒரே நேரத்துல பொருந்துறதைத்தான் சொல்றேன்னா அதுவும் பத்தாது, ஏன்னா வசனம் வாயசைவோட பொருந்துறதும் சிங்க்தான், கதவு சாத்துற சத்தம் சரியான நேரத்துல வர்றதும் சிங்க்தான். மிக்கி மவுசிங்ல நேரம் மட்டும் பொருந்தினா போதாது, அசைவோட வடிவத்தையே இசை வரைஞ்சு காட்டணும். பாத்திரம் மாடிப்படில உருண்டு விழுந்தா சுரமும் மேலருந்து கீழ உருளணும், எலி ஓடினா சைலஃபோன் ஓடணும். 'டாம் அண்ட் ஜெர்ரி'க்கு ஸ்காட் பிராட்லி போட்ட இசையக் கண்ண மூடிக் கேட்டுப் பாருங்க, யாரு துரத்துறா யாரு அடி வாங்குறான்னு பாதி கதை காதுலயே தெரிஞ்சுடும்.

இன்னும் சிலர் "மிக்கி மவுஸ் இசை"ன்னு எழுதுறாங்க, அது அந்த எலியோட பாட்டுன்னுதான் படிக்கிறவங்களுக்குப் புரியும். என்னக் கேட்டா "அடியொற்றிசை". அடியொற்றிப் போறதுன்னா ஒருத்தர் கால்தடத்துலயே கால் வச்சுப் போறது, தாளத்துலயும் அடி இருக்கு, வேற விளக்கமே வேணாம். நம்ம ஊர்ல நட்டுவாங்கமும் மிருதங்கமும் ஆடுறவங்க காலடிக்குக் கூடவே போகுதே, அதைப் பாத்து வளர்ந்தவங்களுக்கு இந்தச் சொல் கேட்ட உடனே பிடிபடும்.

மொழிபெயர்க்கிறவங்க அகராதியப் புரட்டுறதுக்கு முன்னாடி அந்தக் காட்சிய ஒரு தடவை சத்தத்தோட, இன்னொரு தடவை சத்தமில்லாம பாத்தாலே போதும். அதைச் செய்யாமத்தான் சிங்க்கு, ஹார்மனி, மிக்கி மவுசிங் மூணுக்கும் ஒரே "ஒத்திசைவு", மிச்சம் எல்லாத்துக்கும் "பின்னணி இசை"ன்னு எழுதிட்டிருக்காங்க, கதவு கிறீச்சுடுறதுக்குக்கூட.